மண்ணுட் புதைந்த உரோம வெள்ளி: கொங்குநாட்டு நாணயப் புதையல்களை இனங்காணல்

1842ஆம் ஆண்டிற் கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூரில், மண்ணுட் புதையுண்டு கிடந்த உரோம வெள்ளி நாணயங்கள் 500க்கு மேற்பட்டவை ஒரே இடத்திலிருந்து வெளிப்பட்டன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை அகஸ்தஸ், தைபீரியஸ் ஆகிய முதலிரு பேரரசரின் பெயரால் வெளியிடப்பட்டவை. கலிகுலா, கிளாடியஸ் ஆகியோரின் நாணயங்கள் மிகச் சிலவாகவே காணப்பட்டன. நொய்யலாற்றை அடுத்துள்ள அவ்வூர் பின்னரும் உரோம நாணயங்களைத் தந்துள்ளது. கரூர், பொள்ளாச்சி முதலிய இடங்களிலும் இவற்றையொத்த வெள்ளிக் காசுகள் கிடைத்துள்ளன. உரோமப் பேரரசின் எல்லைக்கு வெகு தொலைவிலே, கொங்குநாட்டின் செம்மண்ணில், இத்துணை வெள்ளி புதைந்து கிடந்தமை வியப்புக்குரியதே.

சங்ககாலத் தமிழகத்திற்கும் மேலைத்தேயத்திற்கும் இடையே நிலவிய வாணிபத்திற்குச் சான்றாக இப்புதையல்களைக் காட்டாத வரலாற்று நூல் இல்லை எனலாம். ஆயின் இவை எதற்குச் சான்று பகர்கின்றன என்னும் வினா அத்துணை எளிதில் விடையிறுக்கத்தக்கதன்று. அகஸ்தஸின் தலை பொறித்த காசு கிடைத்துள்ளது. ஆகவே அகஸ்தஸ் காலத்தில் அக்காசு இங்கு வந்தது எனக் கூறிவிடுதல் பலரிடம் காணப்படும் வழக்கம். காசு அடிக்கப்பட்ட காலம் ஒன்று. அது கடல் கடந்த காலம் பிறிதொன்று. அது மண்ணுட் சென்ற காலம் மற்றொன்று. இம்மூன்றையும் ஒன்றெனக் கொள்வதால் விளையும் மயக்கம் சிறிதன்று. ஒரு புதையலை இனங்காணல் என்பது இம்மூன்று காலங்களையும் வேறு பிரித்தறிய முயல்வதேயாகும். அம்முயற்சியின் படிகளும் அவற்றால் எய்தும் முடிவுகளும் ஈண்டு நோக்கப்படுகின்றன.

இரு முகங்களும் எழுத்துக்களும்

உரோமரின் வெள்ளி நாணயம் தெனாரியஸ் எனப்பட்டது. ஒரு புதையலின் முதல் ஆய்வு ஒவ்வொரு நாணயத்தின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் படிப்பதில் தொடங்குகின்றது. தென்னிந்தியப் புதையல்களைப் பொறுத்தவரையில் இரண்டு வகைகளே மீண்டும் மீண்டும் தோன்றுகின்றன.

முதலாவது வகையின் முன்பக்கத்தில் வாகைமாலை சூடிய அகஸ்தஸின் தலை உண்டு. பின்பக்கத்தில் இரு இளைஞர் நிற்கின்றனர். அவர்களிடையே கேடயங்களும் ஈட்டிகளும் உள்ளன. மேலே குருமாருக்குரிய சடங்குக் கருவிகள் காட்டப்பட்டுள்ளன. இவ்விளைஞர் அகஸ்தஸின் பேரரும் தத்துப் பிள்ளைகளுமாகிய காயுஸ், லூசியுஸ் என்போர். முன்பக்கத்து எழுத்துக்கள் பேரரசனை 'தந்தைநாட்டின் தந்தை' எனக் குறிக்கின்றன. இப்பட்டம் கி.மு. 2ஆம் ஆண்டில் அவனுக்கு வழங்கப்பட்டது. ஆகவே அவ்வாண்டிற்கு முன்னர் இந்நாணயம் அடிக்கப்பட்டிருத்தல் இயலாது. லூசியுஸ் கி.பி. 2இலும் காயுஸ் கி.பி. 4இலும் இறந்தனர். உரோமப் பேரரசு நாணயங்களின் திருத்திய பட்டியலில் இவ்வகை 207ஆம் எண்ணைப் பெற்றுள்ளது.

இரண்டாவது வகை தைபீரியஸினுடையது. அதன் பின்பக்கத்தில் கையிற் செங்கோலும் கிளையும் ஏந்திய பெண்ணொருத்தி அமர்ந்திருக்கின்றாள். சுற்றிலுமுள்ள எழுத்துக்கள் பேரரசன் வகித்த தலைமைக் குரு என்னும் பதவியைக் குறிப்பன. விவிலியத்தில் இயேசு வாங்கிப் பார்த்த வரிக்காசு இதுவே என்பது மரபுவழிக் கருத்து. தைபீரியஸ் கி.பி. 14 முதல் 37 வரை ஆண்டான். அந்நீண்ட ஆட்சியில் இவ்வொரே வடிவமே பெருந்தொகையாக அடிக்கப்பட்டது. இவ்விருவகையும் இன்று பிரான்சின் லியோன் நகரமாகவுள்ள லுக்துனும் நாணயச்சாலையோடு தொடர்புபடுத்தப்படுவன.

எழுத்துக்கள் தேய்ந்து மறைந்தவிடத்தும் இவ்வகைகளைப் பிரித்தறிதல் கடினமன்று. நிற்கும் இளைஞர் இருவராயின் அது அகஸ்தஸினுடையது. அமர்ந்த பெண்ணாயின் அது தைபீரியஸினுடையது. ஆயின் இவ்வறிவு நாணயத்தின் பிறப்பை மட்டுமே கூறும். அதன் பிற்கால வரலாற்றை அறிதற்கு வேறு சான்றுகள் வேண்டும்.

நிறையும் மாற்றும்

இரண்டாவது படி, ஒவ்வொரு நாணயத்தையும் தனித்தனி நிறுத்தல். அகஸ்தஸ் காலத்தில் ஓர் உரோம இறாத்தல் வெள்ளியிலிருந்து 84 தெனாரியஸ் அடிக்கப்பட்டன. இதன்படி ஒரு காசின் நிறை ஏறக்குறைய 3.8 கிராம். வெள்ளியும் மிகத் தூயது. கி.பி. 64ஐ ஒட்டி நீரோ மன்னன் நாணயச் சீர்திருத்தமொன்றை மேற்கொண்டான். அதன்பின் ஓர் இறாத்தலிலிருந்து 96 காசுகள் அடிக்கப்பட்டன. நிறை ஏறக்குறைய 3.4 கிராமாகக் குறைந்தது. செம்பும் வெள்ளியோடு கலக்கப்பட்டது. முகமதிப்பு மாறவில்லை, உள்ளிருந்த வெள்ளியே குறைந்தது.

பேரரசின் உள்ளே வாழ்ந்தவனுக்கு இம்மாற்றம் பெரிதாகத் தோன்றியிராது. அரசனின் ஆணையே காசுக்கு மதிப்பளித்தது. எல்லைக்கு வெளியே நின்று அதனைப் பெற்றவனுக்கோ அரசனின் ஆணை பொருளற்றது. அவன் பெற்றது வெள்ளி. அவன் நோக்கியதும் வெள்ளியின் நிறையையும் மாற்றையுமே. இது தமிழகத்திற்கு மட்டும் உரிய இயல்பன்று. உரோம வரலாற்றாசிரியனாகிய தாசித்துஸ், கி.பி. 98ஐ ஒட்டி எழுதிய தனது ஜெர்மானியர் பற்றிய நூலில், அம்மக்கள் நெடுங்காலம் பழகிய பழைய வெள்ளிக் காசுகளையே விரும்பினர் எனக் குறிப்பிட்டுள்ளான். பேரரசின் வடவெல்லையிலும் தென்கடற்கு அப்பாலும் ஒரே மனப்பாங்கு நிலவியமை மனங்கொள்ளத்தக்கது.

இந்தியாவில் ஏற்கனவே வழங்கிய முத்திரை குத்திய வெள்ளிக் காசுகள் ஏறக்குறைய 3.4 கிராம் நிறையுடையன. உரோம வெள்ளி இவற்றோடு சேர்ந்தே சில புதையல்களிற் கிடைத்துள்ளது. எனவே அவ்வெள்ளி வெறும் காட்சிப் பொருளாகவன்றிச் செல்வமாக மதிக்கப்பட்டதென்பது தெளிவு.

மாற்றை அளக்குமிடத்து ஓர் எச்சரிக்கை வேண்டும். நெடுங்காலம் மண்ணிற் கிடந்த நாணயத்தின் மேற்பரப்பிலுள்ள செம்பு அரிக்கப்பட்டு நீங்கிவிடும். மேற்பரப்பு உட்பகுதியிலும் தூய வெள்ளியாகத் தோன்றும். மேற்பரப்பை மட்டும் நோக்கும் எக்ஸ்-கதிர் ஆய்வுகள் இதனால் தவறான அளவைத் தரக்கூடும். துலக்கும் ஆர்வத்தினாற் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்தெடுக்கப்பட்ட நாணயத்தில், எழுத்தும் நிறையும் ஒருங்கே அழிகின்றன. கண்டெடுத்தவன் காசுக்குச் செய்யும் முதற்கேடு பெரும்பாலும் இதுவேயாகும்.

இறுதி நாணயமும் புதைத்த காலமும்

நாணயங்கள் அனைத்தும் இனங்காணப்பட்ட பின்னர், அவற்றுட் காலத்தாற் பிந்தியது எதுவெனக் காணல் மூன்றாவது படி. நாணயவியலில் இவ்விதி அடிப்படையானது. புதையலொன்று அதிலுள்ள இறுதி நாணயம் அடிக்கப்படுவதற்கு முன்னர் புதைக்கப்பட்டிருத்தல் இயலாது. ஆயின் அது எவ்வளவு காலம் பிந்திப் புதைக்கப்பட்டது என்பதை அந்நாணயம் கூறாது. இவ்விதியின் முற்பகுதியை நினைவிற்கொண்டு பிற்பகுதியை மறந்தமையே பல தவறுகளுக்குக் காரணமாயிற்று.

1904ஆம் ஆண்டில் இறோபேட்டு சியூவெல் என்பார் இந்தியாவிற் கிடைத்த உரோம நாணயங்களைத் தொகுத்து நெடுங்கட்டுரையொன்று வெளியிட்டார். நாணயங்களை அரசர் வரிசையில் அடுக்கி நோக்கிய அவர், அகஸ்தஸ் முதல் நீரோ வரையிலான காலத்தில் வாணிபம் உச்சநிலையில் இருந்ததென்றும் நீரோவுக்குப் பின்னர் அது தளர்ந்ததென்றும் முடிவு செய்தார். அக்காலத்துச் சான்றுகளை ஒருமுகப்படுத்திய அவரது உழைப்பு பெரிது. ஆயினும் அவரது முடிவு, நாணயங்கள் அடிக்கப்பட்ட காலத்தையொட்டியே கடல் கடந்தன என்னும் எடுகோளின் மீது நிற்கின்றது.

அவ்வெடுகோளைப் பிற்கால ஆய்வாளர் ஐயுற்றனர். அவர்களுள் டேவிட் மக்டோவல் குறிப்பிடத்தக்கவர். நீரோவின் சீர்திருத்தத்திற்குப் பின்னரும் பழைய தூய காசுகள் பேரரசினுட் பல்லாண்டுகள் புழங்கின. இந்தியாவுக்கு வெள்ளி கொண்டுசெல்லும் வணிகன், அங்கு மதிப்புப் பெறத்தக்க பழைய காசுகளைத் தெரிந்தெடுத்தே கொண்டுசென்றிருப்பான். ஆகவே தைபீரியஸின் தலை பொறித்த காசு, அவன் இறந்து ஒரு தலைமுறைக்கு மேற்பட்ட பின்னரும் முசிறிக்கு வந்திருக்கலாம். கி.பி. 107ஐ ஒட்டிப் பேரரசன் திராஜன் தேய்ந்த பழைய காசுகளை உருக்குவித்தான் எனக் காசியுஸ் தியோ எழுதியுள்ளான். அதன் பின்னரே பழைய வெள்ளி கிடைத்தல் அருகியிருத்தல் வேண்டும்.

இக்கருத்தை எல்லா அறிஞரும் ஏற்றுக்கொண்டாரல்லர். கி.பி. முதலாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சார்ந்த செங்கடற் பெரிப்புளுஸ் என்னும் நூல், முசிறி, நெல்கிந்தா ஆகிய துறைகளுக்கு முதன்மையாகப் பெருந்தொகைக் காசு கொண்டுவரப்பட்டதெனத் திட்டவட்டமாகக் கூறுகின்றது. எனவே நீரோவின் சீர்திருத்தத்தை ஒட்டிய காலத்திலேயே பெருமளவு நாணயம் வந்தது என்பதில் ஐயமில்லை. அன்றியும், பிற்காலத்திற் பழைய காசுகள் தெரிந்தெடுக்கப்பட்டிருப்பின், தூய வெள்ளியாலான குடியரசுக் காலக் காசுகளும் பெருந்தொகையாக இப்புதையல்களில் இருத்தல் வேண்டுமன்றோ எனவும் வினவலாம். அவை அக்காலத்தில் மிகத் தேய்ந்து நிறை குன்றியமையால் ஒதுக்கப்பட்டன என்பது மறுதரப்பின் விடை.

இவ்வழக்கைத் தீர்க்கவல்ல சான்று நாணயங்களின் தேய்மானமே. அகஸ்தஸின் காசு தைபீரியஸின் காசிலும் எவ்வளவு தேய்ந்துள்ளது? ஒரே ஆட்சியின் காசுகளுள் தேய்மானம் ஒத்துள்ளதா, வேறுபடுகின்றதா? புதிதாக அடிக்கப்பட்ட நிலையிற் கடல் கடந்து விரைவிற் புதைக்கப்பட்ட காசு கூர்மையான விளிம்புகளுடன் காணப்படும். பல கை மாறிய பின் வந்தது மழுங்கிக் காணப்படும். இந்நோக்கில் ஒவ்வொரு காசையும் பதிவு செய்தாலன்றி, எத்தரப்பு உண்மைக்கு அணித்தானது என முடிவு செய்தல் இயலாது. அரசரின் பெயரை மட்டும் எண்ணிய பழைய பட்டியல்கள் இவ்விடத்தில் உதவா.

கேரளத்தின் எய்யாலிற் கிடைத்த புதையல் இதனை நன்கு விளக்கும். உரோம வெள்ளிக் காசுகளுடன் முத்திரை குத்திய இந்தியக் காசுகளும் உரோமப் பொன் நாணயங்களும் அதனுள் இருந்தன. அப்பொன் நாணயங்களுள் திராஜனுடையதும் உண்டு. ஆகவே அப்புதையல் திராஜனின் ஆட்சிக்கு முன்னர் புதைக்கப்பட்டதன்று. கண்டெடுத்தோர் பொன்னை மட்டும் பிரித்து உருக்கியிருப்பின், எஞ்சிய வெள்ளியைக் கொண்டு அப்புதையலுக்கு மிக முந்திய காலமொன்றை அறிஞர் குறித்திருத்தல் கூடும். முழுமை குலைந்த புதையல் பொய்ச்சான்று கூறும் என்பதற்கு வேறு எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

வெட்டுக்குறிகளும் போலிகளும்

நாணயத்தின் மீது பிற்காலத்தார் இட்ட குறிகளும் நான்காவதாக நோக்கற்பாலன. புதுக்கோட்டைப் பகுதியில் 1898இற் கிடைத்த 501 உரோமப் பொன் நாணயங்களுள் மிகப் பெரும்பாலானவற்றில் அரசனின் தலைக்குக் குறுக்கே உளியால் வெட்டப்பட்ட தழும்பு உண்டு. இதன் நோக்கம் பற்றிப் பல கருத்துக்கள் உள. பொன்னின் தரத்தைச் சோதித்தற்பொருட்டு என்பாரும், அயலரசனின் காசு நாணயமாகப் புழங்காது உலோகமாகவே கொள்ளப்பட வேண்டும் என்பதற்கு அடையாளமாக என்பாரும் உளர். எக்கருத்தைக் கொள்ளினும், அக்காசு இந்நாட்டு மக்களின் கையில் ஒரு தீர்ப்புக்கு உட்பட்டது என்பது உறுதி.

வெள்ளிக் காசுகளைப் பொறுத்தவரையிற் போலிகளே பெருஞ்சிக்கலைத் தருவன. அகஸ்தஸ், தைபீரியஸ் ஆகியோரின் வகைகளைப் பார்த்து இந்தியாவிலும் காசுகள் அடிக்கப்பட்டன. இலத்தீன் அறியாத அச்சு வெட்டுநன் எழுத்துக்களை வெறும் கோடுகளாகவே கண்டான்; ஆதலின் அவை தலைகீழாகவும் இடம் மாறியும் பொருளற்றும் நிற்கின்றன. இத்தகைய காசை 'மோசமாகத் தேய்ந்த தைபீரியஸ்' எனப் பட்டியலிற் சேர்த்துவிடின், உரோமிலிருந்து வந்த வெள்ளியின் தொகை மிகைபடும். உள்நாட்டுக் கம்மியனின் வரலாறோ மறைந்துபோகும். போலி இழிவான சான்றன்று. அயல்நாட்டுக் காசின் உருவம் இங்கு எத்துணை நம்பிக்கையைப் பெற்றிருந்தது என்பதற்கு அதனினும் சிறந்த சான்று வேறில்லை.

புதையலும் வழியும்

இப்புதையல்கள் கடற்கரைத் துறைகளிலன்றிக் கொங்குநாட்டின் உட்பகுதியிற் செறிந்து காணப்படுதல் ஏன்? மேற்குத் தொடர்ச்சி மலையைப் பிளந்து நிற்கும் பாலக்காட்டுக் கணவாய் மேற்குக் கடற்கரையையும் காவிரிச் சமவெளியையும் இணைக்கின்றது. கோயம்புத்தூர், கரூர் ஆகியன அவ்வழியை ஒட்டியவை. அவ்வழிக்கு அணித்தாகவுள்ள படியூர் பச்சைக்கல் வகையைச் சார்ந்த பெரில் மணிக்குப் பெயர்பெற்றது. நொய்யற்கரைக் கொடுமணலில் மணிகள் செய்யப்பட்டமையை அகழ்வாய்வுகள் புலப்படுத்தியுள்ளன. பெரில் மணி இந்தியாவிலன்றிப் பிற இடங்களில் அரிதாகவே கிடைக்கும் எனப் பிளினியும் எழுதியுள்ளான். மலைவிளை மிளகும் நிலத்தடி மணியும் கைமாறிய வழியில் வெள்ளி தங்கியது எனக் கொள்ளுதல் பொருத்தமாகும்.

ஆயினும் வெள்ளி தங்கியது என்பதால் உரோமர் அங்கு வாழ்ந்தனர் எனக் கொள்ளலாகாது. காசு பல கை மாறும் இயல்பினது. யவனர் பொன்னொடு வந்து மிளகொடு மீண்டமையைக் கூறும் அகநானூற்றின் 149ஆம் பாடலும் துறைமுகத்து நிகழ்ச்சியையே கூறுகின்றது; உள்நாட்டில் அச்செல்வம் யார் கையிற் சேர்ந்தது என்பதைக் கூறவில்லை. அதனைக் கூறவல்லன காசு இருந்த கலமும், கலம் இருந்த மண்படையும், அருகே கிடந்த பிற பொருட்களுமே. அச்சத்தினால் ஒளிக்கப்பட்டதா, வணிகனின் முதலாகச் சேமிக்கப்பட்டதா என்பதும் அவற்றாலன்றித் தெரியாது. ஒன்று மட்டும் உறுதி. புதைத்தவன் மீண்டு வந்து எடுத்திருப்பின் அப்புதையல் இன்று எமக்குக் கிட்டியிராது.

ஈழம் பற்றிய ஒரு குறிப்பு

நிறையொத்த வெள்ளிக்கிருந்த மதிப்பைக் காட்டும் செய்தியொன்று ஈழத்தோடு தொடர்புடையது. அன்னியுஸ் புளொக்காமுஸ் என்பானின் விடுதலை பெற்ற அடிமை ஒருவன் காற்றினால் அலைக்கழிக்கப்பட்டுத் தப்பிரபேன் எனப்பட்ட இத்தீவை அடைந்தானென்றும், அவனிடமிருந்த தெனாரியஸ் காசுகள் வெவ்வேறு உருவங்களைத் தாங்கியிருந்தும் நிறையால் ஒத்திருந்தமை கண்டு இந்நாட்டு மன்னன் உரோமரின் நேர்மையை வியந்தானென்றும் பிளினி கூறுகின்றான். இதில் உரோமனின் தற்பெருமை கலந்திருத்தல் கூடும். எனினும், மன்னன் முதலில் நோக்கியது தலையையன்று, நிறையையே என்பது இங்குக் கருதத்தக்கது.

இத்துணைச் செய்தி இருந்தும், இத்தீவிற் கிடைத்த உரோம நாணயங்களுள் மிகப் பெரும்பாலானவை கி.பி. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளைச் சார்ந்த சிறு செப்புக் காசுகளே. 1907இல் யோன் ஸ்ரில், 1924இற் கொட்றிங்ரன், 2008இல் றைன்ஹோல்ட் வால்பேர்க் ஆகியோர் வெளியிட்ட ஆய்வுகள் இதனைப் புலப்படுத்துகின்றன. தென்னிந்திய வெள்ளியின் வரலாற்றை ஈழத்திற்கோ, ஈழத்துச் செம்பின் வரலாற்றைத் தென்னிந்தியாவிற்கோ அப்படியே பொருத்துதல் தகாது.

சிதறிய சான்றுகள்

கண்டெடுத்த புதையலை மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தல் வேண்டுமென 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையற் சட்டம் விதித்தது. இலங்கையில் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச்சட்டம் தொல்பொருட்களுக்குக் காப்பளித்தது. சட்டம் இருந்தும், உழவனின் கொழுமுனையிற் பட்ட காசுகள் பல தட்டானின் உலைக்கே சென்றன. அவனைக் குறைகூறிப் பயனில்லை. வறியவனுக்கு வெள்ளி வெள்ளியே. வருந்தத்தக்கது, அறிஞர் கைக்கு எட்டிய புதையல்களும் சிதறியமையாகும். ஒரே வகைக் காசுகள் 'மிகைப்படிகள்' எனக் கருதப்பட்டுப் பிரிக்கப்பட்டவிடத்து, தேய்மானத்தை ஒப்பிடுதற்கு இன்றியமையாத தொகுதி இல்லாதொழிந்தது. நூறு தைபீரியஸ் காசுகளுள் தொண்ணூற்றொன்பது மிகையானவை எனத் தோன்றலாம். அவை எவ்வெவ்வளவு தேய்ந்துள்ளன என வினவுபவனுக்கோ அவற்றுள் ஒன்றேனும் மிகையன்று.

1989இல் போலா ரேணர் இந்தியாவிற் கிடைத்த உரோம நாணயங்கள் பற்றிய நூலை வெளியிட்டபோது, சிதறிய இச்செய்திகளை ஒருங்கே காணும் வாய்ப்பு ஆய்வுலகிற்குக் கிட்டியது. இனிச் செய்யவேண்டுவன, நூதனசாலைகளில் எஞ்சியுள்ள காசுகளை ஒவ்வொன்றாக நிறுத்து, தேய்மானமும் வெட்டும் போலியும் குறித்துப் பதிவு செய்தலும், புதிதாக வெளிப்படும் புதையலைக் கலத்தோடும் மண்ணோடும் காத்தலுமாகும். தமிழரின் கடல்வாணிபப் பெருமையைப் பேசுதற்கு அகஸ்தஸின் ஒரு காசு போதும். அவ்வாணிபம் எக்காலத்தில், எவர் கைவழியே, எவ்வாறு நிகழ்ந்தது என உண்மையாக அறிதற்கு அக்காசுடன் கிடந்த அனைத்தும் வேண்டும்.